மெயில் போகவில்லை: சரிசெய்வதா, கம்பெனி மாறுவதா?

தம்புச் செட்டித் தெருவில் இரண்டாவது மாடியில், துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகம். ஆறு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் இரண்டு போன். "தம்பி, ரெண்டு நாளா மெயில் போகல. வேற கம்பெனிக்கு மாத்திடு" என்று அதன் முதலாளி பாய் கூப்பிட்டார். ஷிப்பிங் லைனுக்கு மெயில் போனால்தான் டெலிவரி ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால்தான் கன்டெய்னர் நகரும், நகராத ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அவர் அவசரம் நியாயமானதுதான். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு மண்ணடி, பாரிமுனை, ராயபுரம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மாதம் ஒருமுறையாவது இந்தப் போன் எனக்கு வரும். மாற்றச் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மாற்றம் தேவைப்படாது.

போய்ப் பார்த்தால், "மெயில் போகல" என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள். பாயின் கம்ப்யூட்டரில் அவுட்லுக் 535 என்று காட்டியது. பாஸ்வேர்டு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். முந்தின வாரம் அவரே போனில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார், அவுட்லுக்குக்கு அது தெரியாது. இறக்குமதி ஃபைல் பார்க்கும் பையனுக்கு 552, அதாவது மெயில் பெரிது. முப்பது பக்க இன்வாய்ஸைக் கலரில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாகத் தள்ளப் பார்த்திருக்கிறான். கணக்கு பார்க்கும் அக்காவின் மெயில்கள் மட்டும்தான் உண்மையிலேயே கிளம்பிப் போய், ஜிமெயில் வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. 550, அதற்குப் பின்னால் 5.7.26. "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானேப்பா போச்சு" என்றார்.

அன்றைக்கே கம்பெனி மாறியிருந்தால் அக்காவின் பிரச்சினை மட்டும் தீர்ந்திருக்கலாம். மற்ற இரண்டும் புது இடத்துக்கும் கூடவே வந்திருக்கும்.

ஆகவே முதலில் எண்ணைப் படியுங்கள். 1982இல் எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் விதிகளை எழுதிய காலத்திலிருந்து கணக்கு ஒன்றுதான். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வரே திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு, நீங்கள் ஏதாவது மாற்றினால் ஒழியப் போகாது. 450, 451 வந்தால் சும்மா இருப்பதே வைத்தியம். சில சர்வர்கள் முன்பின் தெரியாத ஆளை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும், சில நிமிடம் கழித்து மறுபடி போனால் உள்ளே விடும். இது தெரியாமல் பத்துத் தடவை அனுப்பு பட்டனை அமுக்கி, அந்தப் பக்கத்தில் ஒரே மெயில் பத்துப் பிரதியாகப் போய் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். 550க்குப் பின்னால் 5.1.1 இருந்தால் அப்படி ஒரு பெட்டியே இல்லை, முகவரியில் எழுத்துப் பிழை. ரிலே மறுப்பு, அதாவது உங்கள் மெயிலை வெளியே எடுத்துப்போக மாட்டேன் என்று சர்வர் சொன்னால், பெரும்பாலும் அவுட்லுக்கில் வெளிச்செல்லும் சர்வருக்கும் பாஸ்வேர்டு வேண்டும் என்ற கட்டத்தில் டிக் விழவில்லை.

552ஐப் பற்றி ஒரு வார்த்தை. மெயிலோடு இணைக்கும் ஃபைல் போகும்போது எழுத்துகளாக மாறுகிறது, மூன்று பைட் நான்காகும். சர்வர் வரம்பு 25 எம்பி என்றால் 20 எம்பி பிடிஎஃப்பே இடிக்கும். கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ போதும் என்று பையனிடம் சொன்னேன். மூன்று எம்பிக்குள் வந்துவிட்டது.

எண் புரியவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அதே கணக்கை போனில் போட்டு, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அங்கே போய், அலுவலகத்தில் போகாவிட்டால் அலுவலக லைனிலோ அந்தக் கம்ப்யூட்டரிலோதான் கோளாறு. பிரவுசரில் வெப்மெயில் வழியாகப் போய், அவுட்லுக்கில் போகவில்லை என்றால் செட்டிங், ஆன்டிவைரஸ், இல்லை விண்டோஸ் 7 மாதிரிப் பழைய சிஸ்டத்தில் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை இயக்கப்படாமல் இருப்பது. வெப்மெயிலில் அனுப்பியதும் திரும்பி வந்தால் மட்டுமே டொமைனையும் (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) சர்வரையும் சந்தேகப்பட வேண்டும். கம்பெனி மாறுவது என்ற பேச்சே இந்தக் கடைசி வகைக்குத்தான்.

பழைய செட்டிங்கில் மெயில் வெளியேறும் வழியின் எண், அதாவது போர்ட், 25 என்று இருந்தால் அதையும் பாருங்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்களைத் தடுக்க இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் அதை அடைத்துவிடுகின்றன. 587 அல்லது 465 போட வேண்டும். போர்ட்டை அடைத்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் பாய் பதறி, "எது, எண்ணூரா காட்டுப்பள்ளியா?" என்றார். இந்தத் தெருவில் போர்ட் என்றால் கப்பல் நிற்கும் இடம்தான்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, மெயில் இன்னும் திரும்பி வருகிறது. இப்போது மாறுவதைப் பற்றிப் பேசலாம். எந்தக் கம்பெனி, எவ்வளவு இடம் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் மெயில் யாருடைய வாசல் வழியாக வெளியே போகிறது, அந்த வாசலுக்கு ஊரில் என்ன பெயர் என்பதுதான் முதல் கேள்வி. கீழே சொல்லும் வழிகளை எல்லாம் நான் இந்தத் தராசில்தான் வைக்கிறேன்.

முதல் வழி, இருக்கிற இடத்திலேயே இருந்து சரிசெய்வது. மண்ணடியில் சொந்த டொமைன் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் நான் பார்த்தவை அநேகமாக எல்லாமே, வெப்சைட்டை வைக்க வாடகைக்கு வாங்கிய சர்வர் இடமான ஹோஸ்டிங்கோடு இலவசமாக வந்த மெயிலில்தான் ஓடுகின்றன. கூடுதல் செலவு இல்லை. அக்காவின் 5.7.26க்கு மருந்தும் அங்கேயே இருந்தது. அந்த எண்ணுக்கு, அனுப்பியவர் இன்னார் என்று உறுதியாகவில்லை என்று பொருள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், அதோடு டிமார்க்கும் வேண்டும்.

பாய்க்கு இதை அவர் தொழிலிலேயே சொன்னேன். எஸ்பிஎஃப் என்பது ஷிப்பிங் லைனுக்குக் கொடுக்கும் அத்தாட்சிக் கடிதம்: "இன்னின்ன ஆட்கள் மட்டும் என் பெயரில் வருவார்கள்." டிகிம் என்பது கன்டெய்னர் கதவில் போடும் சீல். எந்த லாரியில் வந்தாலும் சரி, சீல் உடையாமல் நம்பர் ஒத்துப்போனால் சரக்கு உங்களுடையது. டிமார்க் என்பது கடிதத்திலும் இல்லாமல் சீலும் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்று நீங்களே எழுதிவைக்கும் உத்தரவு. உள்ளே விடு, ஓரமாக நிறுத்து, திருப்பி அனுப்பு என்று மூன்றில் ஒன்று. ஒருவர் மெயிலை இன்னொரு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும்போது கடிதம் செல்லாமல் போகும், ஏனென்றால் கொண்டுவருகிற ஆள் மாறிவிட்டார். சீல் மட்டும் தாங்கும். அதனால்தான் கடிதத்தைவிட சீலையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த அலுவலகத்தில் சீலே போடவில்லை, கடிதம் மட்டும் இருந்தது. அதுவும் இரண்டு நாளுக்கு முன் வெப்சைட் செய்கிற பையன் ஏதோ நியூஸ்லெட்டர் சேவைக்காக இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிட்டான். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒன்றாக்கி, ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சீபேனலில் டிகிமையும் இயக்கிவிட்டேன். பதிவுகளை ஒன்றாக்கும்போது அதிலிருந்து கிளம்பும் டிஎன்எஸ் (டொமைன்களின் விலாசப் புத்தகம்) தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினாலும் அதே கதிதான். ஒரு மணி நேரத்தில் அக்காவின் மெயில் போனது. செலவு, இரண்டு டீ.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி 550, இந்த முறை காரணம் வேறு. அந்த ஹோஸ்டிங் சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தது. ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகளுக்கு ஒரே வாசல், ஒரே கதவு எண். அதில் யாரோ ஒருவரின் வெப்சைட் ஹேக் ஆகி ஸ்பேம் கொட்டினால், கதவு எண்ணைப் பார்த்து எல்லாருடைய மெயிலையும் நிறுத்துவார்கள். உங்கள் கடிதமும் சீலும் ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை. ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டால், "24 மணி நேரத்தில் சரியாகும்" என்றார்கள். ஆனது. அடுத்த மாதம் மறுபடி ஏறியது. நான்கு மாதத்தில் மூன்று தடவை. இதை உள்ளே இருந்து யாராலும் சரிசெய்ய முடியாது. மாற வேண்டிய உண்மையான காரணம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இரண்டாவது வழி, இலவச ஜிமெயில். மண்ணடி விசிட்டிங் கார்டுகளில் பாதி இதுதான். மெயில் போய்ச் சேருவதைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது, வாசல் கூகுளுடையது. ஒரு நாளைக்கு 500 மெயில், இணைப்பு 25 எம்பி. ஒற்றை ஆள் அலுவலகத்துக்குத் தாராளம். பழைய அவுட்லுக்கில் போட வேண்டுமென்றால் 2022 மே மாதத்துக்குப் பிறகு சாதாரணப் பாஸ்வேர்டு ஏறாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கு மட்டுமான 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். 535 என்று என்னிடம் வரும் ஜிமெயில்காரர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் விஷயம்.

என் தயக்கம் வேறு. கணக்கு யாருடையது? அலுவலகத்தில் எட்டு வருடம் இருந்த பையன் தன் போன் நம்பரைக் கொடுத்து ஆரம்பித்திருப்பான். அவன் துபாய் போன பிறகு ஓடிபி அவனுக்குத்தான் போகும். நல்ல பையன் என்பதால் வாட்ஸாப்பில் அனுப்பிவைப்பான், இரவு தூங்கிவிட்டால் காலை வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து இறக்குமதித் தொழிலுக்கே உரியது. "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் போலி மெயில். உங்கள் ஜிமெயில் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எவனும் ஒரு கணக்குத் தொடங்கலாம், அதற்கும் கூகுளே சீல் போட்டு அனுப்பும். சொந்த டொமைனிலும் எழுத்தை மாற்றி ஏமாற்றுகிறார்கள்தான். ஆனால் அங்கே உங்கள் டொமைனின் பெயரை அப்படியே போட்டு அனுப்புவதையாவது டிமார்க் தடுக்கும்.

அலுவலகத்திலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். நிலையான ஐபி வாங்கி, அந்த ஐபி யாருடையது என்று பெயர் காட்டும் பின்னோக்கிய டிஎன்எஸ் பதிவை இணைப்பு தருபவரிடம் கெஞ்சி வாங்கி, போர்ட் 25ஐத் திறக்க வைத்தாலும், புது ஐபி என்பதால் நல்ல பெயர் எடுக்கவே மாதங்கள் ஆகும். சாதாரண பிராட்பேண்டின் மாறும் ஐபிகளை கறுப்புப் பட்டியல் தயாரிக்கும் ஸ்பாம்ஹாஸ் போன்றவர்கள் முன்கூட்டியே பட்டியலில் போட்டே வைத்திருக்கிறார்கள். அதோடு 2016 டிசம்பர் 12 வர்தாவையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் வட சென்னையில் இருந்து பார்த்தவன் யாரும், கரண்ட்டை நம்பி வீட்டுக்குள் சர்வர் வைக்கச் சொல்ல மாட்டான்.

மூன்றாவது வழி, ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டும் மெயில் சேவை. கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ மெயில் என்று மூன்றும் என் பக்கத்து அலுவலகங்களில் ஓடுகின்றன. மெயில் போய்ச் சேருவதில் இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. ஒரு வாடிக்கையாளர் ஸ்பேம் அனுப்பினால் அவரைப் பிடித்து நிறுத்த ஆள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டுகிற காசு அதற்குத்தான். எவ்வளவு ஜிபி என்பது அதற்கு அடுத்தபடிதான்.

பிறகு வித்தியாசம் எங்கே? கூகுள் டிரைவும் கூகுள் மீட்டும் ஏற்கெனவே பழகியவர்களுக்கு வொர்க்ஸ்பேஸ். நாளைக்கு 2,000 மெயில் வரை போகும். எக்ஸெல் இல்லாமல் மூச்சு விட முடியாத அலுவலகத்துக்கு மைக்ரோசாஃப்ட், அவுட்லுக்கும் அதனுடையது என்பதால் உரசல் குறைவு. ஜோஹோதான் மூன்றிலும் விலை குறைவு, வெறும் மெயில் போதும் என்பவர்களுக்கு. "நம்ம ஊர்க் கம்பெனியாமே, கூடுவாஞ்சேரி பக்கம்?" என்று பாய் கேட்டார். ஆமாம், ஆனால் அதற்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன். ஜோஹோவில் ஐந்து பேர் வரைக்கும் இலவசத் திட்டம் உண்டு, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் பிரவுசரும் அவர்களுடைய ஆப்பும் மட்டும்தான், அவுட்லுக்கில் இணைக்க முடியாது. பதினைந்து வருடமாக அவுட்லுக்கில் வாழ்கிற அக்காவிடம் போய் இனி பிரவுசரில் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூன்றிலும் பொதுவாக ஒரு பொறி இருக்கிறது. பணம் கட்டி மாறியதும் டிகிம் தானாக உங்கள் பெயரில் விழுந்துவிடாது. அவர்கள் தரும் பதிவை டிஎன்எஸ்ஸில் போட்டு, நிர்வாகப் பக்கத்துக்குத் திரும்பி வந்து இயக்கும் பட்டனையும் அழுத்த வேண்டும். பதிவைப் போட்டுவிட்டுப் பட்டனை மறந்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட அலுவலகத்தில் மாறியும் மெயில் ஸ்பேமில் விழுகிறதே என்று புதுக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது, ரிலே சேவை. இதில் இன்பாக்ஸே கிடையாது, வெளியே போகும் வாசல் மட்டும். அமேசான் எஸ்இஎஸ், பிரெவோ, ஜோஹோவின் ஜெப்டோமெயில் எல்லாம் இந்த வகை. எஸ்இஎஸ்ஸில் ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட்தான். மலிவைப் பார்த்து ஆறு பேர் அலுவலகத்துக்கு இதை எடுக்கக் கூடாது. மனிதர் எழுதும் மெயிலுக்காகச் செய்யப்பட்டது அல்ல இது, மென்பொருள் தானாகத் தள்ளும் மெயிலுக்கு. ராயபுரத்தில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம், கப்பல் வந்தால் ஒரே காலையில் அறுநூறு வருகை அறிவிப்புகள் போக வேண்டும். அவர்களுக்கு இதுதான் சரியான வழி. எஸ்இஎஸ்ஸில் முதலில் ஒரு பயிற்சிக் கூண்டு, அதில் நாளைக்கு 200 மெயில் மட்டும், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கே. விண்ணப்பித்து வெளியே வந்தபின் திரும்பி வரும் மெயிலின் விகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 5 சதவீதத்தைத் தாண்டினால் விசாரிப்பார்கள், 10ஐத் தாண்டினால் நிறுத்திவிடலாம். பழைய முகவரிப் பட்டியலைத் தூசு தட்டாமல் ஏற்றினால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

இதில் எதை எடுப்பது? ஒற்றை ஆள் என்றால் ஜிமெயில், ஆனால் சொந்த நம்பரில். ஹோஸ்டிங் மெயிலில் இருப்பவர், கறுப்புப் பட்டியல் தொல்லை வராதவரை, கடிதத்தையும் சீலையும் சரிசெய்துகொண்டு அங்கேயே இருக்கட்டும். வருடத்தில் இரண்டு தடவை ஐபி பட்டியலில் ஏறினால் அதற்குமேல் பொறுக்க வேண்டாம். நாலு பேருக்கு மேல் இருந்து, மெயில் நின்றால் காசு நிற்கும் தொழில் என்றால் மாதக் கட்டணம். ரிலே அதற்கு மாற்று அல்ல, மென்பொருள் மெயிலுக்கு மட்டும் கூடவே வைத்துக்கொள்வது.

பாய் அலுவலகத்துக்கு ஜோஹோவின் கட்டணத் திட்டத்தை எடுத்தோம். ஆறு பேருக்கும் அவுட்லுக் அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவது மட்டும் முதல் நாள் 535 காட்டியது. அதற்குத் தனி ஆப் பாஸ்வேர்டு போட்டதும் வழிக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மாற்றினேன், மாற்றம் சீக்கிரம் பரவ, முந்தின நாளே டிஎன்எஸ் பதிவுகளின் காலாவதி நேரத்தை 300 வினாடியாகக் குறைத்து வைத்திருந்தேன். ஞாயிறு முழுக்க மெயில் போய் வந்ததைப் பார்த்துவிட்டு, பழைய ஹோஸ்டிங்கை வெப்சைட்டுக்காக அப்படியே விட்டேன்.

ஒன்றைக் கோட்டைவிட்டேன். டொமைனின் மெயில் இனி வெளியே போய்விட்டது என்று பழைய ஹோஸ்டிங்கிலும் சொல்லிவைக்க வேண்டும். சீபேனலில் மெயில் வழியைத் தொலைசர்வர் என்று மாற்றுவது, ஒரே ஒரு கிளிக். நான் மாற்றவில்லை. வெப்சைட்டில் யாராவது விசாரணைப் படிவம் நிரப்பினால், அந்தச் சர்வர், மெயில் பெட்டி இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்து, யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தது. எங்கும் பிழை எண் எதுவும் வரவில்லை. ஒன்பது நாள் கழித்து வேறு எதற்கோ உள்ளே போனபோது இரண்டு விசாரணைகள் கிடந்தன. ஒன்று திருப்பூரிலிருந்து, நான்கு கன்டெய்னர். பாய் உடனே போன் போட்டார். அவர்கள் லிங்கிச் செட்டித் தெருவில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.